தலைமையாசிரியரின் முன் கற்பித்தல் அனுபவம்: ஆண்டுக் கணக்கும் அதன் பின்னுள்ள விதிகளும்

ஆய்வுச்சுருக்கம்

பள்ளித் தலைமை குறித்த கல்வியியல் ஆய்வுகளில் ‘கற்பித்தல் அனுபவம்’ என்பது வயது, பால், பள்ளி அமைவிடம் ஆகியவற்றுடன் ஒரு பின்னணி மாறியாகச் சேர்க்கப்படுவது வழக்கம். அனுபவ ஆண்டுகள் தலைமைப் பண்பைத் தீர்மானிக்கின்றனவா என்பதே அங்குக் கேட்கப்படும் வினா. அந்த ஆண்டுகள் ஒருவருக்கு எவ்வாறு வாய்த்தன என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தலைமையாசிரியரின் முன் கற்பித்தல் அனுபவம் தனிமனித இயல்பாக அமையாமல் நியமன முறை, பதவி உயர்வுப் பாதை, முன்னுரிமை அலகு, ஓய்வு வயது, பள்ளி மேலாண்மையின் தன்மை ஆகியவற்றின் விளைவாகவே அமைகின்றது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. இவ்விளைவைக் காரணியாகக் கொள்வதனால் ஆய்வு முடிவுகளில் நேரும் பிழையையும் சுட்டுகின்றது.

திறவுச்சொற்கள்: தலைமையாசிரியர், கற்பித்தல் அனுபவம், பணிமூப்பு, பதவி உயர்வு, பள்ளி மேலாண்மை, ஆய்வு முறையியல்

முன்னுரை

தமிழில் பள்ளித் தலைவரைக் குறிக்கும் சொற்கள் மூன்று வழங்குகின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அவர் ‘தலைமையாசிரியர்’, தனியார் பள்ளிகள் பலவற்றில் ‘முதல்வர்’, இலங்கையில் ‘அதிபர்’. இவற்றுள் தலைமையாசிரியர் என்னும் சொல் மட்டுமே அவர் ஆசிரியர்களுள் ஒருவர் என்பதைத் தன்னுள் கொண்டிருக்கின்றது. இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதுமன்று. இலங்கையில் ஆசிரியர் சேவையும் அதிபர் சேவையும் தனித்தனிச் சேவைகள். ஆசிரியராக இருப்பவர் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை வழியாக அதிபர் சேவைக்குள் நுழைகின்றார். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அத்தகைய தேர்வு இல்லை. ஆசிரியப் பணியில் மூப்பு அடைந்தவர் கலந்தாய்வின் வழி அந்த நாற்காலிக்கு வந்து சேர்கின்றார். ஆகவே ‘தலைமையேற்குமுன் எத்தனை ஆண்டுகள் கற்பித்தீர்கள்’ என்னும் வினா இவ்விரு இடங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

இவ்வினாவைத் தமிழ்நாட்டு ஆய்வேடுகள் கையாளும் முறை ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. தன்விவரப் படிவத்தில் ‘அனுபவம்’ என்றொரு வரி. அதன்கீழ் ‘10 ஆண்டுகளுக்குக் கீழ், 10 முதல் 20 வரை, 20 ஆண்டுகளுக்கு மேல்’ என மூன்று கட்டங்கள். பின்னர் தலைமைப் பண்பு அளவுகோலின் மதிப்பெண்களை இம்மூன்று குழுக்களுக்கிடையே ஒப்பிட்டு எஃப் மதிப்பு கணக்கிடப்படும். வேறுபாடு குறிப்பிடத்தக்கதாக இருப்பின் ‘அனுபவம் தலைமையைப் பாதிக்கின்றது’ என்றும், இல்லையெனில் ‘பாதிக்கவில்லை’ என்றும் முடிவு எழுதப்படும். அந்த வரியில் கேட்கப்பட்டது கற்பித்தல் அனுபவமா, தலைமையாசிரியராக இருந்த அனுபவமா, மொத்தப் பணிக்காலமா என்பதே பல படிவங்களில் தெளிவாக இராது. விடையளிப்பவர் தமக்குத் தோன்றிய பொருளில் குறியிட்டுவிடுகின்றார்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு நடத்தும் பன்னாட்டுக் கற்பித்தல், கற்றல் ஆய்வின் 2018ஆம் ஆண்டுத் தலைமையாசிரியர் வினாநிரல் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. இப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகள், மொத்தத்தில் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகள், பிற பள்ளி நிர்வாகப் பொறுப்புகளில் இருந்த ஆண்டுகள், ஆசிரியராக இருந்த ஆண்டுகள், வேறு தொழிலில் இருந்த ஆண்டுகள் என ஐந்து வினாக்களாக அது பிரித்துக் கேட்கின்றது. நம் படிவத்தின் ஒற்றை வரிக்கு இது எவ்வளவோ மேல். எனினும் எந்த வகுப்புகளுக்குக் கற்பித்தார், எந்தப் பாதையில் வந்தார் என்பதை இவ்வைந்து வினாக்களும் சொல்லமாட்டா. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அதுவே முதன்மையானது.

ஒரே ஆண்டுக் கணக்கு, வெவ்வேறு பாதைகள்

தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் இடைநிலை ஆசிரியரிலிருந்து வருகின்றார். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியே முதன்மையான அடிப்படை. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பணிக்கோ இரு வாயில்கள் உள்ளன: ஒன்று உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வழி, மற்றொன்று முதுகலை ஆசிரியர் வழி. 1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானதன் தொடர்ச்சியாக உருவான இவ்விரட்டைப் பாதையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது ஆசிரியர் சங்கங்களுக்கிடையே இன்றும் ஓயாத விவாதம். முதுகலை ஆசிரியர் பணியும் ஒருவழிப்பட்டதன்று. அதில் ஒரு பாதி நேரடி நியமனம், மறுபாதி பட்டதாரி ஆசிரியர்களுக்கான பதவி உயர்வு.

விளைவு என்ன? எடுத்துக்காட்டுக்காக ஒரே மாவட்டத்தில் மூன்று மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களைக் கற்பனை செய்துகொள்ளலாம். மூவருக்கும் தலைமையேற்குமுன் 20 ஆண்டு ஆசிரிய அனுபவம் என வைத்துக்கொள்வோம். முதலாமவர் நேரடியாக முதுகலை ஆசிரியராக வந்தவர்; 20 ஆண்டுகளும் 11, 12ஆம் வகுப்புகளில் ஒரே பாடத்தைக் கற்பித்தவர்; ஆறாம் வகுப்பு அறைக்குள் நுழைந்தறியாதவர். இரண்டாமவர் பட்டதாரி ஆசிரியராக 10 ஆண்டுகள் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்குக் கற்பித்துப் பின் முதுகலை ஆசிரியராக உயர்ந்து மேலும் 10 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளைப் பார்த்தவர். மூன்றாமவர் 20 ஆண்டுகள் பட்டதாரி ஆசிரியராக இருந்து, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகி, அங்கிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வந்தவர், நிர்வாகம் அறிந்தவர், ஆனால் பொதுத்தேர்வு எழுதும் 12ஆம் வகுப்பு மாணவருக்குப் பாடம் நடத்தியதில்லை. படிவத்தில் முதல் இருவரும் ஒரே கட்டத்தில் குறியிடுவர். மூன்றாமவர் உயர்நிலைப் பள்ளித் தலைமைக் காலத்தையும் கூட்டிச் சொன்னால் அடுத்த கட்டத்துக்குச் செல்வார், கூட்டாவிட்டால் அதே கட்டத்தில் நிற்பார். பள்ளியின் எந்த வகுப்பில் கற்றல் சறுக்குகின்றது என்று கண்டறிவதில் இம்மூவரின் கண்ணும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆய்வில் வெளிப்படவேண்டிய வேறுபாடு இதுதான். ஆனால் ஆண்டுக் கணக்கு இதனை மூடிவிடுகின்றது.

தொடக்கப்பள்ளியில் நிலைமை வேறு. ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியர் பதவியேற்ற மறுநாளும் கரும்பலகையின் முன்தான் நிற்கின்றார். வகுப்புகளைப் பங்கிட்டுக்கொண்டு கற்பிப்பவர்களுள் அவர் ஒருவர். அவருடைய கற்பித்தல் அனுபவத்தை ‘முன்’, ‘பின்’ எனக் கூறுபோடும் கோடே அங்கு இல்லை. அவரையும் ஆயிரம் மாணவர் பயிலும் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரையும் ஒரே மாதிரித் தொகுப்பில் வைத்து அனுபவத்தை ஒப்பிடும் ஆய்வு, எதை எதனோடு ஒப்பிடுகின்றது என்பதை முதலில் விளக்கியாக வேண்டும்.

தமிழாசிரியர்களின் வரலாறு இவ்விடத்தில் நினைவுகொள்ளத்தக்கது. காலனியக் காலப் பள்ளிகளில் தமிழ்ப் பண்டிதர்கள் ஊதியத்திலும் மதிப்பிலும் பிற பாட ஆசிரியர்களுக்குக் கீழாகவே வைக்கப்பட்டனர். தலைமைப் பதவி பெரும்பாலும் அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. 30 ஆண்டுகள் கற்பித்த பண்டிதரின் அனுபவம் பதவிக் கணக்கில் எடையற்றுப் போனது; அதனினும் குறைந்த அனுபவம் உடைய பட்டதாரி தலைமையேற்றார். எந்த அனுபவம் தலைமைக்குரிய அனுபவமாக ஏற்கப்படும் என்பதை அனுபவத்தின் நீளம் முடிவுசெய்ததில்லை என்பதற்குத் தமிழ்த்துறை சார்ந்தோர் வேறு சான்று தேடவேண்டியதில்லை.

நியமன வரலாறு இட்ட வரிகள்

ஒருவர் எந்த வயதில் ஆசிரியப் பணிக்குள் வந்தார் என்பது அவருடைய அனுபவ ஆண்டுகளின் மேல் எல்லையைத் தீர்மானிக்கின்றது. அவ்வயதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அரசின் நியமனக் கொள்கையே. 2001இன் இறுதியில் அரசுப்பணி நியமனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2003 முதல் ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். 2006 ஜூன் 1 முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அதன்பின் சில ஆண்டுகள் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி நியமனங்கள் நடந்தன. 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது; 2018இல் தகுதித் தேர்வுக்குப் பின் தனியாகப் போட்டித் தேர்வு என்னும் நெறி வகுக்கப்பட்டது.

இவ்வரலாற்றின் ஒவ்வொரு வளைவும் இன்றைய தலைமையாசிரியரின் படிவத்தில் ஓர் எண்ணாகப் பதிந்துள்ளது. தொகுப்பூதியத்தில் பணியாற்றிய ஆண்டுகளைப் பணிக்காலத்தோடு சேர்க்கவேண்டும் என்பது ஆசிரியர்களின் நெடுநாள் கோரிக்கை. 2004இல் வகுப்பறைக்குள் நுழைந்த ஒருவர் தம் அனுபவத்தை 2004இலிருந்து கணக்கிடுவாரா, 2006இலிருந்து கணக்கிடுவாரா? கற்பித்தது 2004 முதல். காலமுறை ஊதியம் 2006 முதல். பதிவு மூப்பின்படி வந்தவர்களின் நிலை இதனினும் சிக்கலானது. பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தோர் அவர்கள். காத்திருந்த காலத்தில் பலர் மெட்ரிகுலேசன் பள்ளிகளிலும் தனிப்பயிற்சி நிலையங்களிலும் குறைந்த ஊதியத்துக்குக் கற்பித்துக்கொண்டிருந்தனர். அரசுப் பணிப்பதிவேடு அந்த ஆண்டுகளை அறியாது. 40 வயதை நெருங்கும்போது பணியில் சேர்ந்து 55இல் தலைமையாசிரியராகும் ஒருவருக்குப் பதிவேட்டின்படி அனுபவம் 15 ஆண்டுகள். உண்மையில் அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தவராக இருக்கலாம். அவரைப் பதிவேட்டை நம்பி ‘நடுத்தர அனுபவம்’ என்னும் குழுவில் அடைப்பது தரவுப் பிழையே.

ஓய்வு வயதின் விளைவு இதைவிட எளிதாகக் காணத்தக்கது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2020 மே இறுதியில் ஓய்வு பெறவேண்டியிருந்தவர் 2022 மே வரை பணியில் நீடித்தார். அதாவது ஏறத்தாழ ஈராண்டுகள் வயது முதிர்வால் ஏற்படும் காலியிடம் இல்லாமற்போனது. முன்னுரிமைப் பட்டியலின் முகப்பில் நின்றிருந்த ஆசிரியர்கள் அந்த ஈராண்டுகளும் ஆசிரியராகவே தொடர்ந்தனர். அவர்தம் முன் கற்பித்தல் அனுபவம் ஈராண்டு கூடியது. இக்கூடுதலை அவர்களுடைய தலைமைத் திறனோடு தொடர்புபடுத்திப் பேசுவதில் பொருள் ஏதும் இல்லை.

முன்னுரிமையின் அலகும் விலகியோரும்

தொடக்கக் கல்வித் துறையில் பதவி உயர்வுக்கான முன்னுரிமை நெடுங்காலம் ஒன்றிய அளவில் பேணப்பட்டது. 2023 டிசம்பரில் வெளியான 243ஆம் எண் அரசாணை அதனை மாநில அளவிலான முன்னுரிமையாக மாற்றியது. ஆசிரியர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஒன்றிய அளவிலான முறையில், பள்ளிகள் மிகுந்து ஆசிரியர்கள் அடுத்தடுத்து ஓய்வுபெற்ற ஒன்றியத்தில் ஒருவர் விரைவில் தலைமையாசிரியரானார். பக்கத்து ஒன்றியத்தில் அவரோடு ஒரே நாளில் பணியேற்றவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். இருவருக்குமிடையிலான அனுபவ வேறுபாட்டுக்கு ஒன்றிய எல்லைதான் காரணம். மாநில அளவிலான பட்டியல் இவ்வேறுபாட்டைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது வேறொன்றை உருவாக்கும்: தொலைவு. பட்டியலில் முறை வரும்போது காலியிடம் எந்த மாவட்டத்தில் இருக்கும் என்பது ஆசிரியர் கையில் இல்லை.

இங்குதான் பதவி உயர்வு வேண்டாம் என எழுதிக் கொடுப்போர் முக்கியத்துவம் பெறுகின்றனர். வீட்டில் முதியோரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்கள்மீதே சுமத்தப்பட்டிருக்கும் சமூகத்தில், தொலைவிலுள்ள பள்ளியின் தலைமைப் பதவி ஓர் ஆசிரியைக்கும் ஓர் ஆசிரியருக்கும் ஒரே எடையுடைய வாய்ப்பாக இருக்க இயலாது. முறை வந்தும் விலகி, பின்னர் அருகில் இடம் கிடைக்கும்போது ஏற்பவரின் முன் கற்பித்தல் அனுபவம் கூடுதலாக அமையும். இறுதிவரை ஏற்காதவர் தலைமையாசிரியர் மாதிரித் தொகுப்பில் இடம்பெறவேமாட்டார். தலைமையாசிரியர்களை மட்டும் அணுகி ‘பெண் தலைமையாசிரியர்களின் சராசரி அனுபவம்’ எனக் கணக்கிடும் ஆய்வு, விலகியோரைக் கணக்கில் கொள்ளாமலேயே பால் வேறுபாட்டைப் பற்றி முடிவு சொல்லிவிடுகின்றது. ஆய்வு முறையியலில் தேர்வுச் சாய்வு எனப்படுவது இதுவே. இதனைத் தவிர்க்கவேண்டுமாயின் முன்னுரிமைப் பட்டியலில் இருந்தும் தலைமையேற்காதவர்களையும் தேடிச் செல்லவேண்டும். அது கடினமான களப்பணி என்பதும் மறுக்கத்தக்கதன்று.

மேலாண்மை வேறுபாடு அனுபவ வேறுபாடாகத் தோன்றுதல்

இதுகாறும் கூறியவை அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளைப் பற்றியவை. உதவி பெறும் பள்ளிகளில் விதி வேறு. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் பதவி உயர்வுக்குத் தகுதியும் திறனும் முதன்மை. அவை ஏறத்தாழச் சமமாக இருக்கும்போதே பணிமூப்பு கருதப்படும் எனக் கூறப்பட்டிருந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளில் நிர்வாகத்தின் உரிமை இன்னும் விரிந்தது. தகுதியுடைய ஒருவரைப் பணிமூப்பைப் பொருட்படுத்தாமல் தலைமையாசிரியராகத் தேர்ந்துகொள்வது அரசமைப்பின் 30ஆம் கூறு தரும் உரிமையின் பகுதி என்பதைக் கேரளப் பள்ளி ஒன்று தொடர்பான 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் ஏற்றது; 2006இல் மலங்கரை சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் அதனை மீண்டும் உறுதிசெய்தது. தனியார் சுயநிதிப் பள்ளிகளில் முதல்வரை வெளியிலிருந்து நேரடியாகவே அமர்த்திக்கொள்ள முடியும்.

இப்பின்னணியில் மூன்று கட்டப் படிவத்தை மீண்டும் நோக்கவேண்டும். அரசுப் பள்ளியில் பணிமூப்பு வழி வருவோர் பெரும்பாலும் நீண்ட பணிக்காலத்துக்குப் பின்னரே தலைமையேற்பதால், ‘10 ஆண்டுகளுக்குக் கீழ்’ என்னும் கட்டத்தில் அவர்கள் அரிதாகவே விழுவர். அக்கட்டத்தை நிரப்புவோர் பெரிதும் சுயநிதிப் பள்ளி முதல்வர்களாகவே இருப்பர். அவர்களை நிர்வாகம் தேர்ந்தெடுத்தது, நிர்வாகமே நீக்கவும் முடியும். பள்ளியின் வளம், மாணவரின் குடும்பப் பின்னணி, ஆசிரியர்மீது அவர்களுக்குள்ள அதிகாரம் ஆகிய யாவும் வேறு. எனவே குறைந்த அனுபவக் குழு தலைமைப் பண்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றது எனவோ தாழ்ந்த மதிப்பெண் பெற்றது எனவோ வரும் முடிவு, உண்மையில் மேலாண்மை வகைகளுக்கிடையிலான வேறுபாடாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. அதே ஆய்வேட்டின் அடுத்த அட்டவணையில் ‘மேலாண்மை வகை’ என்னும் மாறி தனியே சோதிக்கப்பட்டு, அங்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு பதிவாகலாம். ஒரே வேறுபாடு இருமுறை எண்ணப்பட்டு, இரு கண்டுபிடிப்புகளாக எழுதப்படும் நிலை இது. இரு மாறிகளையும் ஒருசேர வைத்துப் பகுத்தாய்ந்தால் அவற்றுள் ஒன்று கரைந்துபோகக் கூடும். குறைந்தபட்சம் ஒவ்வொரு மேலாண்மை வகைக்குள்ளும் தனித்தனியே அனுபவத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

இது வெறும் புள்ளியியல் நுணுக்கம் என ஒதுக்கத்தக்கதன்று. இத்தகைய முடிவுகளின் அடிப்படையில் ‘அனுபவம் குறைந்தோரைத் தலைமைக்குக் கொண்டுவரலாம்’ என்றோ ‘குறைந்தபட்ச அனுபவத்தை உயர்த்தவேண்டும்’ என்றோ ஆய்வேடுகளின் இறுதி இயல்கள் அரசுக்குப் பரிந்துரைக்கின்றன. பரிந்துரை செயலுக்கு வந்தால், 20 ஆண்டுகளாகப் பட்டியலில் காத்திருக்கும் ஓர் இடைநிலை ஆசிரியரின் வாய்ப்பு அதில் அடங்கியுள்ளது.

தகுதித் தேர்வுத் தீர்ப்புக்குப் பின்

2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு மேற்கூறிய வாதத்தை இன்னும் உடனடித் தேவையுடையதாக்குகின்றது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்னரே நியமிக்கப்பட்டு, ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் ஈராண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றிபெறவேண்டும் என்றும், ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக உள்ளோர் தேர்ச்சியின்றியே ஓய்வு வரை பணியில் தொடரலாம், ஆயினும் தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு பெற இயலாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்னும் வினா பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது.

ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக உள்ளோர் யார்? தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மிக நீண்ட கற்பித்தல் அனுபவம் உடையோரும் முன்னுரிமைப் பட்டியலின் முகப்பில் நிற்போரும் அவர்களுள்தான் மிகுதி. தகுதித் தேர்வு நடைமுறைக்கு வருமுன் பணியேற்றவர்கள் என்பதால் அவர்களுள் பலர் அத்தேர்வை எழுதவேண்டிய தேவையே அதுவரை எழுந்ததில்லை. இத்தீர்ப்பு இப்போதுள்ள வடிவிலேயே செயற்படுத்தப்படுமாயின், அவர்களைத் தாண்டி 2012க்குப் பின் தேர்ச்சியோடு வந்த இளையோரிடம் பதவி செல்லும். தலைமையேற்போரின் சராசரி முன் கற்பித்தல் அனுபவம் இப்பள்ளிகளில் திடீரெனக் குறையும். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு வேறு முடிவு வந்தால், அங்கு அக்குறைவு தென்படாது. சில ஆண்டுகள் கழித்து இவ்விருவகைப் பள்ளிகளிலிருந்தும் மாதிரி எடுத்து, அனுபவத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வாளர் ஒருவர், ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் விளைவைத் தலைமைப் பண்பின் இயல்பாக எழுதிவிடக் கூடும்.

அத்தகைய ஆய்வில் படிவத்தின் ஒற்றை வரிக்குப் பதிலாகக் கேட்கப்படவேண்டியவை மிகப் பல அல்ல. முதல் வகுப்பறைக்குள் நுழைந்த ஆண்டு, அது அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும். காலமுறை ஊதியத்தில் சேர்ந்த ஆண்டு. எந்தெந்த வகுப்புகளுக்கு எத்தனை ஆண்டுகள் கற்பித்தார். எந்தப் பதவியிலிருந்து தலைமைக்கு வந்தார். பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த காலம் உண்டா. பதவி உயர்வை முன்பு மறுத்ததுண்டா. பணிப்பதிவேட்டில் இவற்றுள் சிலவே கிடைக்கும், மற்றவற்றை நேர்காணலில்தான் பெறவேண்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை ஆய்வுக்கு எடுப்போர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்ற ஆண்டையும் இனி அதே படிவத்தில் சேர்க்கவேண்டியிருக்கும்.